சுட்டி சுட்டாதபோது

முன்னுரை

தமிழிலக்கணம் பயின்றோர்க்குச் 'சுட்டு' என்னும் சொல் புதியதன்று. அ, இ, உ என்னும் மூன்றெழுத்தும் சேய்மையையும் அண்மையையும் இடைமையையும் காட்டி நிற்றலால் சுட்டெழுத்து எனப் பெயர் பெற்றன. கணினித் திரையில் உள்ளதைக் கையால் தொடாமலேயே காட்டும் கருவிக்கும் நம்மவர் 'சுட்டி' என்று பெயரிட்டனர். வழக்கில் 'மவுஸ்' என்பர். ஓரிடத்தில் அடங்கியிராத குழந்தையையும் 'சுட்டிப் பிள்ளை' என்கிறோம். கருவி பழுதுறும் நாளில் இவ்விரண்டாவது பொருளும் அதற்கு நன்றாகவே பொருந்திவிடுகிறது.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் பற்றி எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. நம்மிடம் முதுகலைத் தமிழ் பயின்ற மாணவி ஒருவர், கல்லூரி ஆசிரியப் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வை வெளியூரில் எழுதிவிட்டுத் திருவண்ணாமலைக்குத் திரும்பிய மறுநாள் நம்மைக் காண வந்தார். முகம் வாடியிருந்தது.

"வினாக்கள் கடினமாக இருந்தனவோ?" என்றோம்.

"எல்லாம் படித்தவைதாம் ஐயா. என் கைதான் என்னைக் கெடுத்துவிட்டது" என்றார்.

விடைக்கு எதிரே உள்ள வட்டத்தில் சொடுக்கினால் புள்ளி தோன்றுமாம். தோன்றிய கணமே மறைந்துவிடுமாம். மீண்டும் சொடுக்கினால் சில வேளை நிற்கும். சில வேளை நிற்காது. பதற்றத்தில் தாமே இருமுறை அழுத்திவிடுவதாக எண்ணி, ஒவ்வொரு விடைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு விரலை வைத்திருக்கிறார். ஏறக்குறைய இருபது நிமிடங்கள் அவ்வாறே கழிந்தன என்றார்.

"கண்காணிப்பாளரிடம் சொன்னாயா அம்மா?"

"என் கை நடுக்கத்திற்கு அவர் என்ன செய்வார் ஐயா?"

அத்தேர்வில் 150 வினாக்கள். காலம் 3 மணி. ஒரு வினாவிற்கு 72 விநாடி என்பது கணக்கு. இருபது நிமிடம் என்பது பதினாறு வினாக்களுக்கு மேற்பட்ட காலமாகும். இரண்டாண்டு உழைத்துப் படித்தவர், உள்ளங்கை அளவுள்ள கருவியொன்றின் பொருட்டு அவ்வளவையும் இழந்தார். அது கருவியின் பிழையாக இருக்கக்கூடும் என்ற ஐயமே அவருக்குத் தோன்றவில்லை என்பதே நம்மைப் பெரிதும் வருத்தியது. ஆகவே, சுட்டி எவ்வாறு இயங்குகிறது, எவ்வாறு பழுதுறுகிறது, பழுது எங்கே உள்ளது என்று எவ்வாறு அறிவது என்பவற்றை எளிய தமிழில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுட்டியின் பிறப்பு

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய டக்ளஸ் எங்கல்பார்ட் என்பாரே இக்கருவியைக் கருதியவர். அவருடைய எண்ணத்திற்கு 1964ஆம் ஆண்டில் வடிவம் கொடுத்தவர் உடன் பணியாற்றிய பில் இங்கிலீஷ் என்னும் பொறியாளர். அம்முதற் சுட்டி ஒரு மரக்கட்டை. அதன் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு சக்கரங்கள். மேலே ஒரே ஒரு பொத்தான். ஒரு சக்கரம் நெடுக்கு நகர்வையும் மற்றது குறுக்கு நகர்வையும் அளந்தன. வால்போல் நீண்ட கம்பியால் அது எலி எனப் பெயர் பெற்றது. 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் எங்கல்பார்ட் அதனை அறிஞர் அவையில் இயக்கிக் காட்டினார். 1970இல் காப்புரிமை கிட்டியது. 1984இல் ஆப்பிள் நிறுவனத்தின் மேக்கின்டோஷ் கணினி வெளிவந்த பின்னரே பொதுமக்களிடையே சுட்டி பரவலாயிற்று.

உருண்டையும் ஒளியும்

நாம் மாணவராயிருந்த 1990களின் இறுதியில், திருவண்ணாமலைக் கடைவீதியில் இருந்த கணினிப் பயிற்சி நிலையத்தில்தான் முதன்முதலில் சுட்டியைப் பிடித்தோம். அக்காலச் சுட்டியின் வயிற்றில் ரப்பர் பூசிய உருண்டை ஒன்று இருக்கும். மேசைமேல் சுட்டியை நகர்த்த, உருண்டை உருளும். அது உள்ளிருக்கும் இரண்டு சிறு உருளைகளைச் சுழற்றும். நம் ஊர்க் கோடைப் புழுதியை அவ்வுருண்டை உள்ளே இழுத்துச் சென்று உருளைகளில் அப்பிவிடும். பக்கவாட்டில் ஓடும் அம்புக்குறி மேலும் கீழும் செல்ல மறுத்தால், ஓர் உருளை அழுக்கேறிற்று என்பது பொருள். பயிற்சி நிலையத்தார் அடிமூடியைத் திருகி உருண்டையை வெளியே எடுத்து, உருளையில் வளையமாகப் படிந்த அழுக்கை நகத்தால் சுரண்டி எடுப்பார். அம்புக்குறி மீண்டும் ஓடும். பழுது நீக்கும் கலையில் நாம் கண்ட முதற்பாடம் அதுவே.

இன்றைய சுட்டியில் உருண்டை இல்லை, ஒளி உண்டு. 1999ஆம் ஆண்டிற்குப் பின் இவ்வகை பெருகியது. அடியில் உள்ள சிறு விளக்கு மேசைப்பரப்பின்மேல் ஒளி வீசும். அவ்வொளியில் மிகச் சிறிய படக்கருவி ஒன்று விநாடிக்கு ஆயிரத்திற்கு மேற்பட்ட படங்களை எடுக்கும். முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் ஒப்பிட்டு, பரப்பில் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்கள் எத்திசையில் எவ்வளவு நகர்ந்தன எனக் கணக்கிட்டு, அம்புக்குறியை அவ்வாறே நகர்த்தும். இவ்வொரு செய்தியை நினைவில் கொண்டால், பின்வரும் பழுதுகளுள் பல தாமே விளங்கும்.

நோயறியும் முறை

நோய் எது, அதன் காரணம் எது, அதனைத் தணிக்கும் வழி எது என்று முறையாக ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் எனத் திருக்குறளின் மருந்து அதிகாரம் அறிவுறுத்துகிறது. பழுது பார்ப்பதற்கும் அதுவே விதி. சுட்டி இயங்கவில்லை என்றவுடன் அதனை மேசையில் தட்டுவதும், எல்லாக் கம்பிகளையும் ஒருசேரப் பிடுங்கிச் செருகுவதும் மருத்துவம் ஆகா. ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால், நோய் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்பது தெரியாமற் போகும். ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றுதல் வேண்டும்.

தமிழ் மாணவர்க்கு மற்றோர் உவமையும் கூறலாம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், ஒரு சுவடியில் ஐயம் எழுந்தபோது வேறு சுவடிகளோடு ஒப்புநோக்கியே பாடத்தைத் தெளிந்தார். இங்கும் அவ்வாறே. ஐயத்திற்குரிய சுட்டியை வேறொரு கணினியில் செருகிப் பார்க்க வேண்டும். அங்கும் அதே குறை தோன்றுமாயின் பழுது சுட்டியில் உள்ளது. அங்கே ஒழுங்காக இயங்குமாயின் பழுது முன்னைய கணினியிலோ, அதன் செருகுவாயிலோ, மேசையிலோ உள்ளது. இவ்வொரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

ஐவகைக் குறிகள்

முதலாவது, அம்புக்குறி அறவே அசையாமை. இந்நிலையில் முதலில் ஐயுற வேண்டியது சுட்டியை அன்று, கணினியையே. விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்துக. அதற்குரிய சிறு விளக்கு எரிந்தும் அணைந்தும் மாறினால் கணினி விழித்திருக்கிறது எனக் கொள்ளலாம். மாறாவிடில் கணினியே உறைந்து நிற்கக்கூடும். சற்றுப் பொறுத்தும் பயனின்றேல் அதனை நிறுத்தித் தொடங்க வேண்டும். கணினி விழித்திருந்தால், சுட்டியின் செருகியைக் கழற்றி வேறொரு யூ.எஸ்.பி. செருகுவாயில் இடுக. வட்ட வடிவமும் ஆறு ஊசிகளும் உடைய பழைய செருகியாயின், கணினியை நிறுத்திய பின்னரே கழற்றிச் செருகுதல் வேண்டும். கம்பியை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால் மட்டும் சுட்டி இயங்குமாயின், உள்ளே கம்பியிழை அறுந்துள்ளது என்று துணியலாம். சுட்டியின் கழுத்தருகே, அதாவது கம்பி உட்புகும் இடத்திலேயே இது பெரும்பாலும் நிகழும். அடியில் சிவப்பு வெளிச்சம் தெரியவில்லை என்பதனாலேயே சுட்டி இறந்தது என்று முடிவு செய்துவிடலாகாது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியால் இயங்குவனவும் உள.

இரண்டாவது, அம்புக்குறி துள்ளுதலும் நடுங்குதலும். கண்ணாடி பதித்த மேசையும், பளபளக்கும் பூச்சுடைய பலகையும் இதற்கு முதற்காரணம். ஒப்பிட்டுப் பார்க்க மேடுபள்ளம் இல்லாத பரப்பில் படக்கருவி திகைத்துப் போகிறது. சுட்டியின் கீழே ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். தாளின்மேல் நன்கு இயங்கினால் சுட்டி குற்றமற்றது, மேசையே குற்றவாளி. தாளின்மேலும் துள்ளுமாயின், கம்பியைக் கழற்றிய பின் சுட்டியைக் கவிழ்த்து, அடியிலுள்ள துளையைக் காண்க. ஒரே ஒரு தலைமயிர் அங்கே சிக்கியிருந்தாலும் போதும், அம்புக்குறி அமைதி இழக்கும். உலர்ந்த பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைத்தால் தீரும். மடிக்கணினியாயின், தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை தொடுபலகையில் படுவதும், விரலின் ஈரமும் இதே குறையைத் தோற்றுவிக்கும்.

மூன்றாவது, ஒரு சொடுக்கு இரண்டாதல். வல்லினம் மிகா இடத்தில் மிகுந்து பொருளைக் கெடுப்பதுபோல, ஒரு சொடுக்கு வேண்டிய இடத்தில் இரண்டு விழுவது இந்நோய். பொத்தானின் கீழே நுண்விசை ஒன்றுண்டு. அதனுள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று அழுத்தும்போது தொட்டும் விடும்போது விலகியும் மின்னோட்டத்தை நடத்துகிறது. தகடு தொடும்போது மிகச் சிறிது துள்ளுவது இயல்பே. அத்துள்ளலைப் பொருட்படுத்தாதவாறே சுட்டியை அமைத்துள்ளனர். நெடுநாள் உழைத்துத் தகடு தளர்ந்து, தொடுமுனையும் தேய்ந்துவிட்டால், துள்ளல் வரம்பு கடக்கிறது. நாம் ஒருமுறை அழுத்தியதைக் கணினி இருமுறை எனக் கொள்கிறது.

இதனைத் தெளிய எளிய வழி உண்டு. விண்டோஸ் கணினியின் சுட்டி அமைப்பில் இடப் பொத்தானின் வேலையை வலப் பொத்தானுக்கு மாற்றிவிடலாம். மாற்றிய பின் அதே வேலையை வலப் பொத்தான் பிழையின்றிச் செய்யுமாயின், கையிலும் குற்றமில்லை, கணினியிலும் குற்றமில்லை. இடப் பொத்தானின் நுண்விசையே தேய்ந்தது என்பது உறுதி. இந்நோய்க்குத் துடைத்தல் மருந்தாகாது. நுண்விசையை மாற்ற வேண்டும். அல்லது சுட்டியையே மாற்ற வேண்டும்.

நான்காவது, இரட்டைச் சொடுக்கு ஒற்றையாதல். இது முந்தியதற்கு நேர் எதிரானது. பெரும்பாலும் கருவியின் நோயன்று. நம் தெருப் பெரியவர் ஒருவர், வெளிநாட்டிலிருந்து பேரன் அனுப்பிய நிழற்படங்களைக் கணினியில் திறக்க முயன்று, "இதெல்லாம் எனக்கு வராது தம்பி" என்று எழுந்துவிட்டார். அவருடைய இரு அழுத்தங்களுக்கும் இடையே சற்றுக் காலம் கூடிற்று, அவ்வளவே. விண்டோஸ் கணினி இயல்பாக அரை விநாடிக்குள் இரண்டும் விழ வேண்டும் என எதிர்பார்க்கிறது. சுட்டி அமைப்பில் அவ்வேகத்தைக் குறைத்து வைத்தோம். அதன்பின் அவரே ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தார். அமைப்பை மாற்ற இயலாத இடத்தில், ஒருமுறை சொடுக்கிவிட்டு விசைப்பலகையில் என்டர் விசையை அழுத்தினாலும் கோப்பு திறக்கும்.

ஐந்தாவது, கம்பியில்லாச் சுட்டி விட்டுவிட்டு இயங்குதல். மின்கலம் தீர்ந்ததா எனக் காண்பது முதற்பணி. பல சுட்டிகளின் அடியில் இயக்கவும் நிறுத்தவும் ஒரு சிறு விசை உண்டு. பையில் வைக்கும்போது அது தானே நகர்ந்திருத்தலும் கூடும். இவை செம்மையாயிருந்தும் குறை நீடித்தால், கணினியில் செருகிய சிறு ஏற்பியை வேறிடம் மாற்றுக. உட்பகுதி நீல நிறமாயுள்ள விரைவுச் செருகுவாயில் வன்தட்டோ நினைவகக் குச்சியோ அருகே இயங்கினால், அதிலிருந்து எழும் அலை சுட்டியின் அலையோடு மோதுவதுண்டு. ஏற்பியைச் சற்று எட்ட வைத்தால் இத்தடை நீங்கும்.

சுட்டி இன்றியும் செயல் உண்டு

பாதியில் சுட்டி நின்றுவிட்டால் எழுதியதெல்லாம் போயிற்று என அஞ்ச வேண்டுவதில்லை. கன்ட்ரோல் விசையையும் எஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் எழுதியது சேமிக்கப்படும். டேப் விசை ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அழைத்துச் செல்லும். என்டர் விசை தேர்ந்ததைச் செயற்படுத்தும். விண்டோஸ் கணினியில் இடப்புற ஆல்ட், இடப்புற ஷிப்ட், நம் லாக் ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்தி, தோன்றும் வினாவிற்கு இசைவு தந்தால், எண் விசைகளே சுட்டியின் பணியை ஏற்கும். 4, 6, 8, 2 ஆகியவை நான்கு திசையிலும் அம்புக்குறியை நகர்த்தும், 5 சொடுக்கும். இவ்வொரு வழியை அறிந்தவர் பழுது கண்டு கலங்கார்.

தேர்வறையில்

ஆனால் மேற்கூறிய மருத்துவம் எதனையும் தேர்வறையில் செய்ய இயலாது. அங்கே விசைப்பலகையைத் தொடலாகாது, கம்பியைக் கழற்றலாகாது. தேசியத் தகுதித் தேர்வு 2018 டிசம்பரில் கணினிவழித் தேர்வாக மாறியது முதல், அங்கே சுட்டியே எழுதுகோல். அத்திரையின் விதி ஒன்றை மாணவர் கூர்ந்து அறிதல் வேண்டும். தேர்ந்த விடையின்மேல் மறுபடியும் சொடுக்கினால் அத்தேர்வு நீங்கிவிடும். மனம் மாறியவர்க்கு உதவும் பொருட்டு வைத்த வசதி அது. ஆயின், ஒன்றை இரண்டாக்கும் சுட்டி கையில் வாய்த்தவர்க்கு அதுவே கேடாக முடிகிறது. முதற் சொடுக்கில் புள்ளி தோன்றும். அவர் இடாத இரண்டாம் சொடுக்கில் அது மறையும்.

நம் மாணவிக்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்கும் எனக் கருதினோம். துறையின் கணினியறையில் இதே நோயால் ஒதுக்கி வைத்த பழைய சுட்டி ஒன்று இருந்தது. அதனைச் செருகி, ஒரு கோப்புறையின்மேல் ஒருமுறை மட்டும் சொடுக்கச் சொன்னோம். கோப்புறை திறந்துகொண்டது. "பார்த்தீர்களா ஐயா, இப்போதும் என் கை இருமுறை அழுத்துகிறது" என்றார். நாம் அழுத்தினோம், நமக்கும் திறந்தது. பொத்தான்களின் வேலையை மாற்றி, வலப் பொத்தானை அழுத்தச் சொன்னோம். பத்து முறை அழுத்தினார். பத்து முறையும் கோப்புறை தேர்வானதேயன்றித் திறக்கவில்லை. இடப் பொத்தானுக்கு மீண்டும் வந்தார், திறந்தது. நெடுநேரம் தம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னர் அவரிடம் கூறியதையே இங்கு எல்லா மாணவர்க்கும் கூறுகிறோம். தேர்வு தொடங்குமுன் கணினியில் நுழைந்ததும் சுட்டியை நாற்புறமும் நகர்த்திப் பாருங்கள். முதல் வினாவில் விடையைத் தேர்ந்ததும் புள்ளி நிலைத்து நிற்கிறதா எனக் காணுங்கள். சற்றேனும் ஐயம் எழுந்தால் அமைதியாகக் கையை உயர்த்துங்கள். கணினியோ சுட்டியோ பழுதுற்றால் உடனே வேறு கணினி தரப்படும் என்பதும், அதனால் இழந்த நேரம் ஈடுசெய்யப்படும் என்பதும் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் தகவலேடுகளில் சொல்லப்பட்டிருப்பவை. ஆகவே அது கண்காணிப்பாளரிடம் நாம் வேண்டும் சலுகையன்று; தேர்வு எழுதுவோர்க்குரிய உரிமை.

முடிவுரை

முதன்முறையாகக் கணினி முன் அமரும் குடும்பத்துப் பிள்ளைகள் நம் கல்லூரிக்கு ஆண்டுதோறும் வருகின்றனர். வீட்டில் கணினி இருந்து வளர்ந்தவன், சுட்டி முரண்டு பிடித்தால் சுட்டியை ஏசுகிறான். இவர்களோ தம்மையே நொந்துகொள்கின்றனர். கருவி விலையுயர்ந்தது, நாம்தான் அறியாதவர் என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்தில் எவராலோ ஊன்றப்பட்டிருக்கிறது. "என்ன செய்து கெடுத்தாய்?" என்று கேட்கும் வழக்கத்தை ஆசிரியராகிய நாமும் விட்டொழித்தல் வேண்டும். "என்ன நேர்ந்தது, எப்போது நேர்ந்தது?" என்று கேட்டால் மாணவர் உள்ளதை உள்ளவாறே கூறுவர், பழுதும் விரைவில் புலப்படும்.

தேய்வது கருவியின் இயல்பு. அதனை ஆராய்ந்து அறிவது நம் கடமை. ஆராய்ந்த பின் பிழை நம் கையினது எனத் தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். ஆராயாமலே அதனை ஏற்றுக்கொள்ளுதல் அடக்கம் ஆகாது.

அம்மாணவி அடுத்த முறை மீண்டும் தேர்வெழுதினார். எழுதி முடித்து மாலையில் தொலைபேசியில் அழைத்தார். "சுட்டி எப்படி இருந்தது அம்மா?" என்றே முதலில் கேட்டோம். "நன்றாக இருந்தது ஐயா. கையை உயர்த்தும் தேவை வரவில்லை. வந்திருந்தால் உயர்த்தியிருப்பேன்" என்றார்.